முழவுக்கும் உண்டு முதன்மை

தெஹியோவிட்டவின் இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நமக்குத் தப்பொலி புதியதன்று. வைகறையில் பிரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்தில் ஊரைத் திரட்டியதும் அதுவே. எனினும் தப்படிப்போரைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் இன்னும் நம்மை விட்டு முற்றும் நீங்கவில்லை.

முழவிசைப்போன் உலகப் புகழ் பெறுதல் இயலுமோ? சென்னையில் 1959இல் பிறந்த சிவமணியின் வாழ்வே அதற்கு விடை. தந்தை எஸ். எம். ஆனந்தனும் தாளக் கலைஞரே. மைந்தர் ஏழு வயதிலேயே டிரம்ஸ் பயிலத் தொடங்கினார்.

ஏ. ஆர். ரகுமானுடன் 'ரூட்ஸ்' என்னும் இளைஞர் குழுவில் தொடங்கிய தோழமை ஒலிப்பதிவுக் கூடத்திலும் நீடித்தது. 'ரோஜா' (1992), 'லகான்' (2001) முதலிய படங்களின் இசையில் சிவமணியின் கைவண்ணம் உண்டு. தபேலா மேதை ஜாகிர் உசேனுடனும் அவர் மேடையேறினார். மேனாட்டு டிரம்ஸுக்கு அருகிலேயே உடுக்கை, கடம், கஞ்சிரா ஆகியவற்றையும் அமர்த்தினார். பயணப் பெட்டியும் தண்ணீர்க் கேனும்கூட அவர் கையில் இசைக்கருவிகளாயின. 2019இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது.

மாணவர்களே, உடுக்கை உலக மேடை ஏறிற்று. நம் தப்பு மட்டும் ஏன் நாணி ஒதுங்க வேண்டும்? அதனைக் கற்க விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்கலாகாது. தோலில் இழிவில்லை, இழிவெல்லாம் நம் எண்ணத்திலேயே.