ஏட்டின் பழுதா, எழுத்தின் புதிரா?

பழைய சுவடியொன்றைக் கையிலெடுத்து வாசிக்க இயலாது திகைப்பவனுக்கு இரண்டு இடர்கள் நேரலாம். செல்லரித்தும் முரிந்தும் ஏடே சிதைந்து போயிருத்தல் ஒன்று. ஏடு முழுமையாக இருந்தும் அதன் எழுத்தை அவன் அறியாதிருத்தல் மற்றொன்று. 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் முதல்வகை இடரோடு வாழ்நாளெல்லாம் போராடியவர். அசோகனுடைய பிராமிக் கல்வெட்டுக்களோ இரண்டாம் வகையின. கல்லும் எழுத்தும் நிலைத்திருந்தும், 1837 இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்துக் காட்டும் வரை அவை பல நூற்றாண்டுகள் ஊமையாய்க் கிடந்தன.

கணனியிலே இயங்க மறுக்கும் காணொளிக் கோப்பும் இவ்விரு வகையுள் ஒன்றிலேயே பெரும்பாலும் அடங்கும். ஏடு பழுதா, எழுத்துப் புரியவில்லையா என்று தெளியாமல் மருந்து தேடுவோர், குணமாகக் கூடியதையும் கெடுத்துவிடுகின்றனர். பாடசாலையின் பழைய நாடகம், அண்ணாவியார் ஒருவரின் கடைசிக் கூத்து, மறைந்த ஆசிரியரின் சொற்பொழிவு ஆகியன ஒரேயொரு பிரதியாக ஏதோவொரு தட்டில் உறங்கும் நாட்டிலே இது சிறிய விடயமன்று.

முதலில், காணொளி ஏன் மறைமொழியில் எழுதப்படுகின்றது என்பதைக் காண்போம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படத்தைச் செக்கனுக்கு 25 சட்டங்களாக உள்ளவாறே பதிந்தால், ஒரு மணிநேரக் காட்சி ஏறத்தாழ 560 கிகாபைற் இடத்தை விழுங்கும். ஆதலின் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறியவற்றை மட்டும் குறித்து, மாறாதவற்றை மீண்டும் எழுதாது சுருக்குகின்றனர். இவ்வாறு சுருக்கவும் பின்னர் விரிக்கவும் வல்ல முறைக்குக் கோடெக் என்று பெயர். சுருக்கிய முறையை அறிந்த கணனியே அதனை விரிக்க வல்லது.

இங்கே பலரை மயக்குவது கோப்பின் பெயர். எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்று பெயரின் ஈற்றில் நிற்பன பேழையின் பெயர்களேயன்றி, உள்ளே இருக்கும் எழுத்தின் பெயர்கள் அல்ல. ஒரே எம்.பி.4 பேழைக்குள் 2003 இல் வெளிவந்த எச்.264 முறையும் இருக்கலாம். 2013 இல் வந்த எச்.265 முறையும் இருக்கலாம்; 2018 இல் வந்த ஏ.வி.1 முறையும் இருக்கலாம். ஒலியும் தனியொரு முறையில் அதே பேழைக்குள் அமைந்திருக்கும். படம் தெரிந்தும் ஓசை எழாமை, ஓசை எழுந்தும் திரை கறுத்திருத்தல் ஆகியவற்றின் காரணம் பெரும்பாலும் இதுவே. பேழையின் பெயரை மாற்றி எழுதினால் உள்ளிருக்கும் பொருள் மாறிவிடாது. தேவாரச் சுவடியின் மேலட்டையில் திருக்குறள் என்று எழுதுவது போன்றதே அச்செயல்.

புதிய கைத்தொலைபேசியிற் பிடித்த படம் பழைய கணனியில் ஓடாமையும் இதனாலேயே நிகழும். ஐபோன்களின் புதிய வகைகள் 2017 முதல் எச்.265 முறையில் படம் பதியலாயின. இம்முறை காப்புரிமைக் கட்டணத்துக்கு உட்பட்டது. அதனால், விண்டோஸ் கணனிகள் பலவற்றில் அதனை விரிக்கும் நீட்சியைத் தனியே பெற வேண்டியிருக்கின்றது.

இனி, நோயை அறியும் வழி. ஐயத்துக்குரிய கோப்பை முதலில் வி.எல்.சி. என்னும் செயலியில் இயக்கிப் பார்த்தல் நன்று. பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996 இல் தொடங்கிய முயற்சியின் கனி அது. 2001 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளாக விளங்குகின்றது. கணனியின் அறிவை எதிர்பாராது, பலவகைக் கோடெக்குகளைத் தன்னகத்தே கொண்டது. அதிலே படம் ஓடுமாயின் ஏட்டிற் பழுதில்லை. எழுத்தே புதிராயிருந்தது என்பது தெளிவு.

அங்கும் ஓடாதாயின் ஏட்டைச் சோதித்தல் வேண்டும். கோப்பின் அளவு என்ன? பூச்சியமாயின் உள்ளே ஒன்றுமில்லை. மூலத்திலுள்ள அளவிலும் குறைவாயின் பிரதி செய்கையிலே அறுந்திருக்கின்றது. மூலத்திலிருந்து மீண்டும் பிரதி செய்க. அளவு சரியாக இருந்தும் ஓடாத எம்.பி.4 கோப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தச் சட்டம் எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணையைப் பல கருவிகள் பதிவு முடியும்போதே எழுதுகின்றன. இடையில் மின்கலம் ஓய்ந்தால் காட்சி எல்லாம் உள்ளேயிருக்க, அட்டவணை மட்டும் இல்லாமற் போகும். அதே கருவியில் அதே அமைப்பிற் பதிந்த நல்ல கோப்பொன்றை முன்மாதிரியாகக் காட்டி, அட்டவணையை மீட்டெழுதும் மென்பொருள்கள் இருக்கின்றன; பலவேளை அவை கைகொடுக்கும். ஆதலின், ஓடவில்லை என்றதும் அழித்துவிடற்க.

படம் ஓடியும் விக்கி விக்கி நிற்குமாயின், அது பழுதுமன்று, புதிருமன்று. செறிவு மிக்க படத்தை உரிய விரைவில் விரிக்கும் வலிமை அக்கணனிக்கு இல்லை என்பதே பொருள். எளிய முறைக்கு மாற்றிய பிரதியொன்று போதும்.

மாற்றும்போது ஒரு விதியை மறத்தலாகாது. பேழையை மட்டும் மாற்றினால் படத்தின் தரம் குன்றாது. எழுத்தையே மாற்றினால் ஒவ்வொரு முறையும் சிறிது தேயும். எனவே மூலக் கோப்பை என்றும் பேணி, மாற்றிய பிரதியையே பயன்படுத்துக. அன்றியும், “இப்படத்தைக் காண இக்கோடெக்கை இறக்குக” என்று அறிமுகமில்லாத தளம் அழைத்தால் நம்பற்க. நச்சு நிரல்கள் புகுவதற்கு அது பழகிய வாயில்.

இவையெல்லாம் ஓடாத ஒரு படத்தை ஓட்டும் வழிகள். ஒரு தலைமுறையின் பதிவுகள் ஓடாமற் போவதைத் தடுப்பது இதனினும் பெரிய பணி. இங்கிலாந்தில் 1086 இல் தோலேட்டில் எழுதிய டூம்ஸ்டே நிலக்கணக்கு நூலை இன்றும் படிக்கலாம். அதன் ஒன்பதாம் நூற்றாண்டு நிறைவின்போது, 1986 இல், பாடசாலை மாணவரையும் சேர்த்துக்கொண்டு பி.பி.சி. நிறுவனம் தம் நாட்டு வாழ்வை லேசர் வட்டுக்களில் பதித்தது. பதினைந்தாண்டு கழிவதற்குள் அவ்வட்டுக்களைப் படிக்கும் பொறிகள் அருகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பழைய பொறியின் செயலைப் புதிய கணனியிலே போலச்செய்து, 2002 இல் அவற்றை மீண்டும் பேசவைத்தனர். தோல் ஒன்பது நூற்றாண்டு தாங்கியது. வட்டோ ஒரு தலைமுறையைக் கூடத் தாங்கவில்லை.

தீர்வு கடினமானதன்று. பரவலாக அறியப்பட்ட முறையில் ஒரு பிரதி, மூலம் ஒன்று, வேறிடத்தில் இன்னொன்று. ஆண்டுக்கொரு முறை அவற்றைத் திறந்து பார்த்தல். அவ்வளவே. ஏடு பெயர்த்தெழுதுவோர் இருந்தமையாலன்றோ சங்க நூல்கள் நம்மை அடைந்தன? தட்டில் உறங்கும் கூத்துக்கும் சொற்பொழிவுக்கும் அத்தகைய கைகள் இன்று தேவைப்படுகின்றன. ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் கூடினால் ஒரு பாடசாலையின் நினைவைக் காத்துவிடலாம்.