பானட்டுக்குள் இத்தனை அதிசயமா! தெரியுமா?

ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க உங்கள் கார் எவ்வளவு காற்றை இழுக்கிறது தெரியுமா? ஏறக்குறைய 9,000 லிட்டர்! எடைக்கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. அத்தனையும் ஏர் ஃபில்டர் பெட்டியின் சின்ன வாய் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் தெருவுக்குத் தெரு கார் கழுவுவார்களே, அன்றைக்குப் பானட்டைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது அந்த வாயைத்தான். தேடிக் கண்டுபிடித்து மூட வேண்டும்!

ஏன் மூட வேண்டும்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது! பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி வழிவிடுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் நின்றால் இம்மியும் சுருங்காது. பிஸ்டனைத் தாங்கும் உலோகத் தண்டே, அதாவது கனெக்டிங் ராடே, வளைந்துவிடும்! 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது நனைந்த காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சென்னை முழுக்க எச்சரித்தது இதற்காகத்தான். இந்தச் சேதத்துக்கு வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசி கைகொடுக்காமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கென்றே ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற ஆட்-ஆன் தனியாக விற்கிறார்கள்.

மழையிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டிதானே, கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினால் என்ன என்று தோன்றும். இங்கேதான் என்னை மிகவும் வியக்க வைத்த விஷயம் இருக்கிறது. ‘ஐபி67’ என்ற தரம் பெற்ற மின் பாகத்தை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே பாகம் பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது! மூழ்கும் சோதனை வேறு, பீய்ச்சும் சோதனை வேறு. ஒன்றில் பாஸ் ஆனது இன்னொன்றில் ஃபெயில் ஆகலாம். உயர் அழுத்தத்துக்கென்று ஜெர்மனியில் வாகனங்களுக்காகவே உருவான தரம் ‘ஐபி69கே’. 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், ஒரு சாணுக்கும் குறைவான தூரத்திலிருந்து அடித்துப் பார்ப்பார்கள். இன்று வீட்டுக்கு வாங்கும் பிரஷர் வாஷர்கள் பல 100 பாரைச் சுலபமாகத் தாண்டுகின்றன. உங்கள் காரின் ஒவ்வொரு கனெக்டரும் அந்தச் சோதனையை எழுதிப் பாஸானதா என்ன?

ஆகவே தண்ணீரைவிட அதன் வேகத்துக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். என்னைக் கேட்டால், வீட்டில் இன்ஜினைச் சுத்தம் செய்ய ஹோஸ் பைப்பே வேண்டாம். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் உலர்ந்த தூசியை முதலில் தட்டிவிடுங்கள். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும்! ஏர் ஃபில்டர் வாய், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எல்லாவற்றுக்கும் கேரி பேக் மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நீர் கலந்த கார் ஷாம்புவையோ, தண்ணீரில் கரையும் டிகிரீசரையோ பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, காய்வதற்குள் ஈரத்துணியால் துடையுங்கள். உச்சி வெயிலில் செய்தால் நுரை அப்படியே காய்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துவிடும்.

இன்னொன்று தெரியுமா? 12 வோல்ட் பேட்டரியில் புறப்படும் மின்சாரம் இக்னிஷன் காயிலைத் தாண்டும்போது 20,000 வோல்ட்டுக்கும் மேல்! டாக்கோமீட்டர் முள் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று காட்டும்போது ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி கக்குகிறது. பல கார்களில் அந்தப் பிளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழியில் தண்ணீர் தேங்கினால் வண்டி திக்கித் திணறும்.

ஓடி முடித்த காரில் உடனே கை வைக்கவே கூடாது. கூலன்ட் சுமார் 90 டிகிரியில் சுற்றிக்கொண்டிருக்கும். அழுத்தத்தில் மூடி வைத்திருப்பதால் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. நம் வீட்டு பிரஷர் குக்கர் மாதிரியேதான்! சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோ பல நூறு டிகிரியில் காய்ந்திருக்கும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். அதைவிட ஆச்சரியம், சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று தானே சுற்றும்! விரல் பத்திரம். கையை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியைப் பார்த்திருப்பீர்கள். ஆசிட் கசிந்து உலோகத்தோடு சேர்ந்து விளைந்தது அது. வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவில் முதலில் ஸ்பேனரை வைத்து, அது பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும்! மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். சுர்ரென்று நுரை பொங்கும். ஆசிட்டைச் சோடா முறிக்கும் சத்தம் அது! நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, கொஞ்சம் வாசலைன் தடவினால் வேலை முடிந்தது. சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால், பூஜைக் கற்பூரத்தைத் திறந்த பானட்டுக்கு மேல் காட்ட வேண்டாம். முன்பக்கமாகத் தள்ளி நின்று காட்டினாலே போதும்.

ஹைப்ரிட் கார், எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களே, ஆரஞ்சு நிற ஒயரைப் பார்த்தால் அதன் பக்கமே போகாதீர்கள். அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்!

உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே இன்ஜின் அடைப்பு வந்தது தெரியுமா? 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் கிளம்பினார். நடுவழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார்! ஒயரின் உறை பழுதானதும் தன் கால் பட்டியைச் சுற்றி மின்கசிவைத் தடுத்தார். எந்தப் பட்டறையிலும் படிக்காத அந்தப் பெண்மணியின் கைத்திறனை நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது.

மண்ணெண்ணெயும் டீசலும் அடித்தால் இன்ஜின் பளபளக்கும் என்பார்கள். பளபளக்கும்தான். ஆனால் கூலன்ட் ஹோஸின் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். பெட்ரோல் இன்னும் மோசம். அதன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றிக்கொள்ளக் கூடியது! காஸ்டிக் சோடா கலந்த கிளீனரோ அலுமினியத்தை அரித்துவிடும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது தெரியுமா? கடித்துத் தேய்க்காவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை. அதற்கு அகப்படுவது நம் கார் ஒயர்! வைப்பருக்குக் கீழே வேப்பிலையும் புங்க இலையும் குவிந்து கிடந்தால் கூடுகட்ட மெத்தையும் தயார். அந்தக் குப்பையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். எலியின் சிறுநீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கையுறை, முகக்கவசம் போட்டு, கிருமிநாசினியால் நனைத்து அள்ளுங்கள். மழைத்தண்ணீர் இறங்கும் துளையில் இலை அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் காருக்குள் வந்துவிடும். குளிர்ந்த காலையில் பூனைக்குட்டியும் உள்ளே படுத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள், பாவம்.

துடைத்து முடித்ததும் மாட்டிய கேரி பேக்கையெல்லாம் ஒன்றுவிடாமல் கழற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு, பானட்டைத் திறந்து வைத்தபடி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அன்றிரவு காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். சுத்தமான இன்ஜினில் கசிவு ஒளிய இடமே இல்லை! பழுப்பு, கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். வெளிர்மஞ்சள் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அது பெயின்ட்டையே உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நிறமில்லாத தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, கவலையே வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்! தெருநாயும் பூனையும் நக்கிவிட்டால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். சிந்தியிருந்தால் மணலைக் கொட்டி அள்ளி, பையில் கட்டி எடுத்துவிட்டு, தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.