வெளிச்சத்தைப் பிடித்த வாத்தியார்

ஒரு மைக்காத் தகடு. அதன்மேல் ஒற்றை எழுத்து: ஒரு சாய்கோடு, அதன் நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு நேர்கோடு. ஜப்பானியரின் கத்தகானாவில் ‘இ’ என்று ஒலிக்கும் எழுத்து அது. 1926 டிசம்பர் 25 அன்று, ஹமாமாட்சு நகரத் தொழில்நுட்பப் பள்ளியில், 27 வயது ஆசிரியர் கெஞ்சிரோ தகாயனாகி அந்தத் தகட்டின்மேல் பலத்த வெளிச்சத்தைப் பாய்ச்சினார். துளைகள் போட்ட வட்டு ஒன்று சுழன்றது. மறுமுனையில் இருந்த கண்ணாடிக் குழாயின் முகப்பில் அதே எழுத்து 40 கோடுகளாக எழுந்து வந்தது. அன்று அதிகாலைதான் தாய்ஷோ பேரரசர் காலமாகியிருந்தார். நாடே துக்கத்தில் இருந்தது.

லண்டனில் ஜான் லோகி பேர்ட் அதே ஆண்டு ஜனவரியிலேயே தொலைக்காட்சியை அறிஞர்களுக்குக் காட்டிவிட்டார். அவர் காட்டியது எழுத்தை அல்ல, மனித முகத்தை. அப்படியிருந்தும் தகாயனாகியின் ஒற்றை எழுத்தை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், அது தெரிந்த கண்ணாடிக் குழாய். பிற்காலத்தில் நம் வீட்டு டி.வி.க்குள் உட்கார்ந்திருந்த பிக்சர் டியூபின் மூதாதை அது.

பேர்டின் கருவி இரு முனைகளிலும் சுழலும் வட்டுகளை நம்பியது. 1884-ல் ஜெர்மானியரான பால் நிப்கோ காப்புரிமை கோரிய வட்டு அது: சுருள் வடிவில் துளைகள், ஒவ்வொரு துளையும் காட்சியின் மேல் ஒரு கோடு வரைந்து செல்லும். படம் தெளிவாக வேண்டுமா, துளைகள் கூட வேண்டும். துளைகள் கூடினால் ஒவ்வொன்றும் சிறிதாகும். உள்ளே வரும் வெளிச்சம் குறையும். வட்டைப் பெரிதாக்கினால் எடை கூடும், சீராகச் சுற்றாது. 30 கோடுகளில் தொடங்கிய இந்த வழி எங்கே போய் முட்டும் என்பதைத் தகாயனாகி ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் பாயும் எலக்ட்ரான் கற்றைக்கோ எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. காந்தத்தாலோ மின்புலத்தாலோ அதை நினைத்த வேகத்தில் திருப்பலாம். ஆகவே படம் பெறும் பக்கத்தில் வட்டைத் தூக்கியெறிந்துவிட்டுக் குழாயை வைத்தார். ரஷ்யாவில் போரிஸ் ரோசிங் 1911-லேயே குழாயில் மங்கலான உருவங்களைக் காட்டியவர்தான். ஆனால் அந்த வழியை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரு நாட்டின் தொலைக்காட்சியாகவே வளர்த்தெடுத்தவர் தகாயனாகி.

யோகோஹாமாவில் ஒரு புத்தகக் கடையில் பார்த்த பிரெஞ்சுப் பத்திரிகைப் படம்தான் அவரைத் தூண்டியது என்பார்கள். வானொலிப் பெட்டி போன்ற ஒன்றின் மேல் சட்டம், அதற்குள் பாடும் பெண். 1923-ன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு சொந்த ஊரான ஹமாமாட்சுவுக்குத் திரும்பி, 1924-ல் பள்ளியில் ஆய்வைத் தொடங்கினார். ஜப்பானில் அப்போது வானொலி ஒலிபரப்பே ஆரம்பித்திருக்கவில்லை. அது 1925 மார்ச்சில்தான் வந்தது. ஒலியே வராத நாட்டில் படம் அனுப்பப் புறப்பட்ட அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தார். படம் பிடிக்கும் பக்கத்தில் இன்னும் வட்டுதான். 1927 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் இரு முனைகளிலும் மின்னணுக் குழாய்களை வைத்துக் காட்டினார். முழுமையான மின்னணுத் தொலைக்காட்சிக்கான பெருமை அவருக்கே உரியது. எனினும் இருவரையும் வாட்டிய சிக்கல் ஒன்றுதான்: வெளிச்சம் போதவில்லை.

கணக்குப் போட்டால் புரியும். 40 கோடுகள், கோட்டுக்கு 40 புள்ளிகள் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 1,600 புள்ளிகள். வட்டின் துளை ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். மற்ற 1,599 புள்ளிகளிலிருந்து வரும் வெளிச்சம் அந்தக் கணத்தில் வீண். கோடுகளை 400 ஆக்கினால் 1,60,000-ல் ஒரு பங்குதான் பயன்படும். வெயில் கொளுத்தும் ஸ்டூடியோ கட்டினாலும் மாளாது.

விடை, வெளிச்சத்தைச் சேமிப்பது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரே ஒரு குவளையை இடம் மாற்றி மாற்றி வைப்பதற்குப் பதில், முற்றம் முழுக்கக் குவளைகளைப் பரப்பிவிட்டு வரிசையாக வந்து கவிழ்த்து எடுத்துக்கொள்வது போல. ஒளிபடும் தகட்டில் நுண்ணிய மணிகள். படத்துக்கும் படத்துக்கும் இடைப்பட்ட நேரமெல்லாம் ஒவ்வொரு மணியும் மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்திருக்கும். எலக்ட்ரான் கற்றை வந்து தொடும்போது கொடுத்துவிடும். ஹங்கேரியின் கால்மான் திஹான்யி 1926-ல் இதை முன்மொழிந்தார். தகாயனாகியும் 1930-ல் இதே கருத்துக்குக் காப்புரிமை கோரினார். செயலில் காட்டி முந்திக்கொண்டது அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் இருந்த ஸ்வோரிகின், ரோசிங்கின் பழைய மாணவர். அவருடைய ‘ஐகனோஸ்கோப்’ என்ற படம்பிடிக்கும் குழாய் 1933-ல் வெளியுலகுக்கு வந்தது. தகாயனாகி கடல் கடந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, 1935-ல் முழு மின்னணு முறையில் படம் காட்டினார்.

1940 ஒலிம்பிக் டோக்கியோவில் நடப்பதாக இருந்தது. அதை ஒளிபரப்ப வேண்டும் என்று ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அவரை அழைத்துக்கொண்டது. சீனப் போர் மூண்டது. 1938-ல் ஜப்பான் போட்டியைக் கைவிட்டது. தகாயனாகியின் திறமை கடற்படையின் ரேடார் வேலைக்குப் போனது. போருக்குப் பின் ஜே.வி.சி. நிறுவனத்தில் சேர்ந்து, டி.வி., வீடியோ டேப் கருவி என்று உழைத்து, அதன் துணைத் தலைவராகவும் உயர்ந்தார்.

அவருடைய சாதனைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. ஹமாமாட்சு பள்ளியில் அவரிடம் படித்த ஹெய்ஹாச்சிரோ ஹோரியுச்சி, 1953-ல் அதே ஊரில் ‘ஹமாமாட்சு டி.வி.’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பெயர்தான் டி.வி.; செய்தது ஒளியை மின்சாரமாக்கும் குழாய்கள். வாத்தியாரை வாட்டிய அதே சிக்கலைத்தான் மாணவர் தொழிலாக எடுத்துக்கொண்டார். அவர்களது ஒளிப்பெருக்கிக் குழாயில் ஒரு ஒளித்துகள் விழுந்தால் ஒரு எலக்ட்ரான் வெளிவரும். அது ஒரு தகட்டில் மோதிச் சிலவற்றைக் கிளப்பும். அவை அடுத்த தகட்டில் மோதும். இப்படிப் படிப்படியாகப் பெருகி ஒன்று ஒரு கோடியாகும்.

இயற்பியலாளர் மசதோஷி கொஷிபா அந்த நிறுவனத்திடம் 20 அங்குல விட்டமுள்ள குழாய்களைக் கேட்டு வாங்கினார். காமியோகா சுரங்கத்தின் அடியில், 3,000 டன் நீர் நிரம்பிய தொட்டியைச் சுற்றி ஏறக்குறைய ஆயிரம் குழாய்கள் பொருத்தப்பட்டன. எதன் ஊடாகவும் சுலபமாகக் கடந்துவிடும் நுண்துகளான நியூட்ரினோ எப்போதாவது நீரில் மோதும்போது எழும் மெல்லிய நீல ஒளியைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. 1987 பிப்ரவரி 23 அன்று, சுமார் 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் 11 அங்கே சிக்கின. அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் தகாயனாகி வாழ்ந்தார். கொஷிபாவுக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தொட்டிக்கு அடுத்து வந்த பெரிய கருவியான சூப்பர் காமியோகாண்டேயில் 50,000 டன் நீரைச் சுற்றி 11,000-க்கும் மேற்பட்ட ஹமாமாட்சு குழாய்கள் பொருத்தப்பட்டன. அங்கே கிடைத்த முடிவுகளுக்காக 2015-ல் தகாகி கஜிதாவுக்கும் நோபல் பரிசு வந்தது.