துப்பாக்கியின் இயக்கவியல் – 7: குழலைக் குறை சொல்லும் முன்

சென்ற வாரம் எம்16 போன்ற, வாயுவின் விசையில் இயங்கும் ரைபிள்களைப் பார்த்தோம். அவற்றின் குழலில் ஒரு சிறு துளை உண்டு. குண்டு அதைத் தாண்டியதும் வாயுவில் ஒரு பகுதி துளை வழியே பிரிந்து வந்து போல்ட்டைத் திறக்கிறது. துளையைத் தாண்டிய குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்வரைதான் அந்த வாயுவுக்கு முழு அழுத்தம். குழலைக் கண்டபடி குறுக்கினால் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். எம்16-இன் 20 அங்குலக் குழல் எம்4-இல் 14.5 அங்குலமானபோது துளையையும் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. இந்தப் பாடம் துப்பாக்கி பிடிப்பவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதனால்தான் .22 ரிம்ஃபயர் ரைபிள் காலி உறையை வெளியேற்றாமல் திணறினாலும் முதல் பழி குழலின் நீளத்தின் மேல் விழுகிறது. இது வேறொரு இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டிய குறை.

.22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் பிறந்தது. அதைச் சுடும் செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள்களில் மிகப் பரவலானவற்றுள் ஒன்று 1964-இல் வந்த ரூகர் 10/22; வழக்கமான குழல் 18.5 அங்குலம். அதில் வாயுத் துளை இல்லை, பிஸ்டன் இல்லை, சுடும் கணத்தில் போல்ட்டைப் பூட்டிவைக்கும் அமைப்பும் இல்லை. போல்ட்டின் கனமும் அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். குண்டை முன்னே தள்ளும் அதே வாயு, காலி உறையைப் பின்னே தள்ளுகிறது. உறை போல்ட்டைத் தள்ளுகிறது. இதற்கு ‘பிளோபேக்’ என்று பெயர். பள்ளியில் படித்த உந்தம் அழியா விதியே இதைக் கணக்கிடப் போதும். 40 கிரெயின் குண்டு 2.6 கிராம். போல்ட் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது குண்டைவிட 77 மடங்கு கனம். குண்டு 47 சென்டிமீட்டர் ஓடிக் குழலை விட்டு வெளியேறும்போது, உராய்வையும் ஸ்பிரிங்கையும் ஒதுக்கிவிட்டால், போல்ட் நகர்ந்திருப்பது சுமார் 6 மில்லிமீட்டர். உறையை வெளியே வீசி அடுத்த தோட்டாவை எடுக்க அது சில சென்டிமீட்டர் போயாக வேண்டும். மீதித் தூரத்தை ஏற்கெனவே பெற்ற வேகத்தில்தான் ஓடிக் கடக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, குண்டு எவ்வளவு நேரம் குழலுக்குள் இருந்தது என்பதல்ல. போல்ட்டுக்கு மொத்தம் எவ்வளவு உந்தம் கிடைத்தது என்பதுதான். (நம் ஊர் என்.சி.சி. மாணவர்கள் சுட்டுப் பழகும் .22 ரைபிளில் போல்ட்டைக் கையால் இழுக்கிறார்கள். அங்கே இந்தக் கேள்வியே எழாது.)

அந்த உந்தத்தில் குழலின் பங்கு எவ்வளவு? .22 தோட்டாவில் மருந்து மிகக் கொஞ்சம். அழுத்தத்தின் உச்சம் குழலின் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது, குண்டின் வேகத்தில் பெரும்பகுதி முதல் சில அங்குலங்களிலேயே சேர்ந்துவிடுகிறது. குழலை 18.5 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக்கினால் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். குட்டைக் குழலின் வாயில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் அதிகம் என்பதால், குண்டு போன பிறகும் உறைக்குச் சிறிது தள்ளு கிடைத்து, இழப்பில் கொஞ்சம் ஈடாகிறது. இதை நடைமுறையில் காட்டும் சாட்சி ரூகர் சார்ஜர். 10/22-இன் அதே இயக்க அமைப்பு, 10 அங்குலக் குழல். கைத்துப்பாக்கியாக விற்கிறார்கள், ஓடுகிறது.

இப்போது தோட்டாவை மாற்றிப் பாருங்கள். சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக், 40 கிரெயின் குண்டை நொடிக்கு 1,235 அடி வேகத்தில் செலுத்துவதாக அறிவிக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் குவையட்-22-இல் குண்டின் எடை அதேதான், வேகம் மட்டும் 710 அடி. உந்தம் நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்துவிட்டது. செமி-ஆட்டோமேட்டிக்கில் அது போல்ட்டை முழுதாக ஓட்டும் என்று நம்ப முடியாது. அதனால்தான் அந்நிறுவனம் செமி-ஆட்டோமேட்டிக்குக்கென்று தனியாக ஒரு குவையட்-22 செய்தது. 45 கிரெயின் குண்டு, 835 அடி வேகம்: சத்தத்தை ரொம்பக் கூட்டாமல், எடையைக் கூட்டி உந்தத்தை மீட்டிருக்கிறார்கள். எட்டரை அங்குலக் குழலை இழந்தால் நேரும் நஷ்டத்தைப்போல் சில மடங்கு, ஒரு தோட்டாப் பெட்டியை மாற்றுவதிலேயே போகிறது.

‘குட்டைக் குழல் மாட்டிய அன்றிலிருந்துதான் தகராறு’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் குழலை மாற்றும்போது நீளம் மட்டும் மாறுவதில்லை. தோட்டா உட்காரும் அறையும் மாறுகிறது. போட்டிக்கென்று செய்யும் குழல்களில் அந்த அறை இறுக்கமாக இருக்கும். .22 குண்டு பெரும்பாலும் மெழுகோ பிசுக்கோ பூசிய ஈயம். சுடச் சுட அந்த மெழுகும் கரியும் ஈயத் துகளும் அறையின் விளிம்பில் கருப்பாகக் கெட்டிப்படுகின்றன. தளர்வான அறை பொறுத்துக்கொள்ளும் அழுக்கை, இறுக்கமான அறை பொறுக்காது. தோட்டா முழுதாக உள்ளே போகாது, அல்லது உறை ஒட்டிக்கொள்ளும். உறையை இழுக்கும் கொக்கி புதுக் குழலின் வெட்டில் சரியாகப் பொருந்தாததும் உண்டு. நீளக் குழலைப் பற்றிய எதிர்வாதமும் இப்படித்தான். மிக நீண்ட குழலில் உராய்வு குண்டைச் சற்று மந்தமாக்கலாம் என்பது மெய். ஆனால் அதற்குள் போல்ட் தன் பங்கை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கியிருக்கும்.

ரிம்ஃபயருக்கே உரிய கோளாறுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் குழலுக்கும் சம்பந்தமில்லை. தீப்பற்றும் ரசாயனம் உறையின் அடி விளிம்புக்குள் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால், ஊசி அங்கே அடிக்கும்போது தோட்டா வெடிக்காது. மேகசினில் ஒரு தோட்டாவின் விளிம்பு அடுத்ததன் விளிம்பில் மாட்டிக்கொள்வதும் பழைய தொல்லை. 10/22-இன் சுழல் மேகசின் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனிப் பள்ளத்தில் வைத்து அதைத் தவிர்க்கிறது. அந்த ரைபிளின் நற்பெயரில் பெரும்பங்கு அந்த மேகசினுக்கே சேர வேண்டும் என்பது என் கணிப்பு.

குழலின் நீளத்துக்கு உண்மையிலேயே பொருள் வருவது ஒரே நிலையில்: மெதுவான தோட்டா, அழுக்கேறிய அறை, கனத்த போல்ட் அல்லது விறைத்த ஸ்பிரிங் எல்லாம் ஒன்றுசேர்ந்து உந்தத்தை விளிம்பில் நிறுத்தியிருக்கும்போது. அப்போது அந்தப் பத்து சதவீதம் போல்ட்டைத் தடுத்துவிடும். அங்கேயும் முதலில் அறையைத் துடைத்து, வேகமான தோட்டாவை மாற்றிப் போட்டு, அதே குழலில் மறுபடி சுட்டுப் பார்ப்பதுதான் முறை. உறைகள் ஒழுங்காக வெளியே விழுந்தால் புதுக் குழல் வாங்க வேண்டிய தேவை இல்லை.