பால் பவுடர் டப்பாவில் குழந்தை படமா? வாங்காதீங்க!

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் சோளக்காடு. கீழே வாங்கிய பால் பவுடர் டப்பாவில் கோளாறு என்றால், மாற்ற அத்தனை வளைவும் மறுபடி இறங்கணும். பிள்ளையின் பசி அதுவரை பொறுக்காது. அதனால் காசு கொடுக்கும் முன்பே டப்பாவைத் திருப்பிப் பாருங்க.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பவுடர் என்பது டாக்டர் சொன்னால் மட்டும். இதற்கென்றே 1992-ல் தனிச் சட்டம் வந்தது. 2003-ல் அது கடுமையாக்கப்பட்டது.

டப்பாவில் என்ன பார்க்கணும்?

• குழந்தை படமோ பெண் படமோ இருக்கக் கூடாது. இருந்தால் அது விதிமீறல்.
• 'தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது' என்ற முக்கிய அறிவிப்பு இருக்கணும்.
• பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி அழியாமல் தெரியணும்.
• எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கம் இருக்கணும்.

இலவச சாம்பிள் கொடுப்பதும், விளம்பரம் செய்வதும் சட்டப்படி தடை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

2008-ல் சீனாவில், புரதம் அதிகம் இருப்பதாகக் காட்ட பாலில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 பேர் இறந்தனர். இன்று நம் நாட்டில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் சோதனை உண்டு.

வீட்டில் கலக்கும்போது

சோதித்த பவுடரிலும் கிருமி துளியும் இருக்காது என்று சொல்ல முடியாது. அதனால் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன்பே கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மலை உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதுவே தாராளம். கலந்த பின் நன்றாக ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்க. 2 மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் கொட்டிடுங்க. டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று தண்ணீரைக் கூட்டிவிடாதீங்க. பிள்ளைக்குச் சத்து குறையும்.

சந்தேகம் வந்தால்

டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போடாதீங்க. லேபிள், பேட்ச் எண் தெரிய போட்டோ எடுத்து, தமிழக உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்க. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் புகார் செய்யலாம்.

வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி நீங்களே ஆய்வுக்கு அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.