வீட்டு மின் சிக்கனத்திற்கு எளிய கருவிகள்

வீட்டில் ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்றிருந்த காலம் மறைந்துவிட்டது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலுள்ள படப்பை போன்ற ஊர்களில் புதிய வீடுகள் பெருகி வருகின்றன. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், சில இல்லங்களில் ஏ.சி. ஆகியவை அன்றாடத் தேவைகளாகிவிட்டன. இவற்றை அளவோடு இயக்குவதற்கென்றே பலவகைத் தானியங்கிக் கருவிகள் விற்பனைக்கு வந்துள்ளன. அவை எவ்வாறு அமைந்தால் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதை ஆராய்வோம்.

கணக்கு அறியாமையால் நட்டம்

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட். நம் மாநிலத்தில் வீட்டு மீட்டரை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பது நெடுநாள் வழக்கம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண முறையை உதாரணமாகக் கொள்வோம். அதன்படி முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. மொத்தச் செலவு 500 யூனிட்டைத் தாண்டாவிடில், அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு ரூ. 2.25, தாண்டினாலோ அதே 100 யூனிட்டுக்கு ரூ. 4.50. ஆகவே 500 யூனிட் செலவிட்ட வீட்டுக்கு ரூ. 1,725 ஆயிற்று, 510 யூனிட் செலவிட்ட வீட்டுக்கு ரூ. 2,030 ஆயிற்று. பத்து யூனிட்டுக்காக 305 ரூபாய்! விகிதங்கள் காலத்துக்குக் காலம் மாறும். ஆயினும் வரம்பை நெருங்கும்போது விழிப்பு வேண்டும் என்னும் பாடம் மாறாது. வரம்பு நெருங்குவதோ குடும்பத்தாருக்குத் தெரிவதில்லை. தொகை வந்த பின்னரே தெரிகிறது.

எனவே நல்ல கருவியின் முதற்கடமை கணக்குச் சொல்லுவதாகும். இதுவரை எத்தனை யூனிட் செலவாயிற்று, அடுத்த வரம்புக்கு எத்தனை எஞ்சியுள்ளது என்பதைப் பெரிய எண்களில், தமிழில், அது காட்ட வேண்டும்.

உழவர்க்குப் பழகிய வழி

தொலைவிலிருந்து மோட்டாரை இயக்குவது நம் உழவர்க்குப் புதிதன்று. புனே நகரைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்பவர் அமைத்த ‘நானோ கணேஷ்’ என்னும் கருவி, 2009ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனத்தின் பரிசைப் பெற்றது. விலையுயர்ந்த கைப்பேசி அதற்குத் தேவையில்லை. சாதாரணக் கைப்பேசியின் எண்களை அழுத்தியே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் இயலும். இரவில் வயலுக்கு நடக்கும் துன்பம் இதனால் குறைந்தது. கருவி உழவரின் வழக்கத்திற்கு இணங்கி வந்தமையே அதன் சிறப்பு. வீட்டுக் கருவிகளும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. இணையம் தடைப்பட்டாலும் கைச்சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். முதியோரும் தயக்கமின்றி இயக்கக் கூடியதாயிருத்தல் நலம்.

2. மின்தடை நீங்கியதும் மோட்டார் தானே ஓடலாகாது. கிணற்றில் எவரேனும் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

3. பழுதானால் உள்ளூர் எலக்ட்ரீஷியனே சீர்செய்யத் தக்கதாயிருத்தல் வேண்டும்.

4. கருவியின் விலையை அதனால் மிச்சமாகும் தொகையுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

பெருஞ்செலவின்றித் தொடங்கவும் வழியுண்டு. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச், மின்சாரத்தையும் நீரையும் ஒருங்கே காக்கும். 75 வாட் மின்விசிறி நாள்தோறும் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட் செலவாகும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 18 யூனிட்டே போதும். வரம்பைச் சிறிதளவே தாண்டும் வீட்டுக்கு இந்த 27 யூனிட் மிச்சம் பேருதவியாகும்.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் கட்டடங்களிலும் குடிநீர் மோட்டார்களிலும் இச்சிக்கனத்தை முதலில் மேற்கொண்டு, கிடைத்த பயனைக் கிராம சபைக் கூட்டத்தில் கணக்குடன் எடுத்துரைப்பார்களாயின், மக்கள் தாமே பின்பற்றுவர். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் குடும்பத்துக்கும் நாட்டுக்கும் வருவாயே என்பதை மனத்திற் கொண்டு, இப்பணியில் அவர்கள் முன்னிற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.