'மனுசங்கடா': கே.ஏ. குணசேகரனின் குரல் ஏன் இன்னும் ஓயவில்லை?

ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்திற்கு மாலை அணிவித்தபின், தமிழ்நாட்டின் சேரித் தெருக்களில் ஒலிபெருக்கி வழியாக எழும் பாடல்களுள் 'மனுசங்கடா'வும் ஒன்று. மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்து இளைஞர்களுக்கும் அது பாடம் எழுதிக் கற்ற பாடலன்று. காதில் விழுந்து நெஞ்சில் தங்கிய பாடல். அதை உரக்கப் பாடுவோருள் பலருக்கு எழுதியவர் யார், ஊர் ஊராகக் கொண்டுசென்றவர் யார் என்பது தெரியாது. ஒரு பாடலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை எனலாம். ஆனால் பெயர் மறக்கப்படுவதில் ஓர் இழப்பும் இருக்கிறது. அதனால்தான் அந்தக் குரலைப் பற்றி விளக்கமாகப் பேச விரும்புகிறோம்.

கே.ஏ. குணசேகரன் 1955ஆம் ஆண்டு இளையான்குடியை அடுத்த மாரந்தையில் பிறந்தார். அன்று அது இராமநாதபுரம் மாவட்டம். மல்லாங்கிணறும் அதே மாவட்டம்தான். 1985இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அவரது ஊர் சிவகங்கைப் பக்கமும், நமது ஊர் விருதுநகர்ப் பக்கமும் சேர்ந்தன. எல்லைகள் மாறினாலும் நிலம் மாறவில்லை: வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் சோறு, ஊருக்கு வெளியே சேரி. தம் தன்வரலாறான 'வடு'வில் (2005) குணசேகரன் ஓர் அனுபவத்தைப் பதிவுசெய்கிறார். இசுலாமியர் மிகுதியாக வாழும் இளையான்குடியில் உணராத தீண்டாமையைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குச் சென்றபோது அவர் உணர்ந்தார். சாதி என்பது இயற்கை அன்று, இடத்துக்கு இடம் மனிதர் கட்டிவைத்த ஏற்பாடு என்பதை நூல்கள் வழியாக அறிவதற்கு முன்பே அவர் கால்நடையாகவே அறிந்துகொண்டார்.

'மனுசங்கடா' பாடலை எழுதியவர் கீழக்கரையில் பிறந்த கவிஞர் இன்குலாப். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையின் நினைவோடு பிணைந்த பாடல் அது. அதை மேடைதோறும் பாடி மக்களின் உடைமையாக்கியது குணசேகரனின் குரல்.

அப்பாடலின் ஆற்றல் தலைப்பிலேயே தொடங்குகிறது. 'மனிதர்கள்' என்று எழுத்துத் தமிழில் சொல்லியிருந்தால் அது ஒரு கருத்தாக நின்றிருக்கும். 'மனுசங்க' என்பது நம் வீட்டு மொழி. அதனோடு சேரும் 'டா'வைக் கவனிக்க வேண்டும். ஆதிக்கச் சாதிச் சிறுவன்கூட நரைத்த தலைகொண்ட நம் பாட்டனை 'டா' போட்டு அழைத்த நிலம் இது. எந்த விகுதியால் காலங்காலமாகச் சிறுமைப்படுத்தினார்களோ, அதே விகுதியைப் பாடல் திருப்பி அனுப்புகிறது. மனு எழுதும் பணிவோ இரக்கம் வேண்டும் தொனியோ அதில் இல்லை. ஓர் எழுத்து, அவமதிப்பின் திசையை மாற்றிவிடுகிறது.

அடுத்தது இசை. குணசேகரன் தம் கலைக்குழுவுக்கு 'தன்னானே' என்று பெயரிட்டார். நடவிலும் களையெடுப்பிலும் கும்மியிலும் சொற்களுக்கு முன்னே வரும் மெட்டுக்கட்டு அது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இந்த அமைப்பில் கேட்பவர், பாடுபவர் என்ற பிரிவு நிலைக்காது. இரண்டாம் சுற்றில் எல்லோரும் பாடகர்களே. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் அரசியலைக் கொண்டுசெல்ல இதைவிட எளிய கருவி வேறில்லை. இடதுசாரி மேடைகளிலும் பின்னர்த் தலித் மேடைகளிலும் அவர் செய்தது இதைத்தான்.

பறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டில் அடிப்பதும் ஊர்ச் செய்தி சொல்லி அடிப்பதும் கட்டாயத் தொழிலாகச் சுமத்தப்பட்டதால், 'இனி பறையைத் தொடமாட்டோம்' என்று முடிவெடுத்த ஊர்கள் உண்டு. அம்மறுப்பு சுயமரியாதைப் போராட்டமே. அதே பறையை இசைக்கருவியாக மேடையேற்றிப் பெருமிதத்தோடு முழக்குவது மற்றொரு வழி. குணசேகரன் இரண்டாம் வழியில் நடந்தார். இரண்டும் முரண்பட்டவையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுமே 'எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது என்பதை நாங்களே தீர்மானிப்போம்' என்ற ஒரே உரிமையைக் கோருகின்றன.

பாடகராக மட்டும் அவரை நினைவுகூர்வது பாதி நினைவே. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராகவும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றியவர் அவர். 'பலி ஆடுகள்' தமிழின் தொடக்ககாலத் தலித் நாடகங்களுள் முதன்மையானது. 'சேரிப்புறவியல்' என்று ஒரு நூலுக்கே பெயரிட்டார். 'நாட்டுப்புறம்' என்னும் பொதுச்சொல் ஊரையும் சேரியையும் ஒன்றெனக் காட்டி இடையிலுள்ள கோட்டை மறைத்துவிடும். 'சேரி' என்ற சொல்லை ஆய்வுலகின் நடுவே வைத்ததன் மூலம் அக்கோட்டை அவர் கண்ணுக்குத் தெரியச் செய்தார்.

2016 ஜனவரி 17 அன்று குணசேகரன் மறைந்தார். ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை நாம் இழந்ததும் அதே நாளில்தான். பல்கலைக்கழகத்திற்குள் தன் இடத்தை வென்றெடுத்த முதல் தலைமுறையும், அதே வளாகங்களில் மூச்சுத் திணறிய அடுத்த தலைமுறையும் ஒரே தேதியில் நினைவுகூரப்படுகின்றன. பின்னர் வெளிவந்த அம்ஷன்குமாரின் திரைப்படம் 'மனுசங்கடா' என்றே பெயர் தாங்கியது. இறந்த தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுசெல்லப் போராடும் தலித் இளைஞனின் கதை அது. பாடல் பிறந்து பல ஆண்டுகள் கடந்தும் அதன் தேவை தீரவில்லை என்பதற்கு அப்படமே சான்று.

இங்கேதான் நமது வியப்பு தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரி விழாக்களில் பறை முழங்கும்போது கைதட்டுவோர் பலர். அதே பறை மயானப் பாதைக்காக முழங்கும்போது உடன் நிற்போர் எத்தனை பேர்? கலையை ரசித்து, கலைஞன் பிறந்த தெருவை ஒதுக்கிவைப்பது நம் சமூகத்தின் பழைய தந்திரம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மல்லாங்கிணற்றைச் சுற்றிய ஊர்களில் ஒப்பாரியும் தாலாட்டும் களையெடுப்புப் பாட்டும் அறிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கைப்பேசியில் அவர்களது பாடல்களை, அவர்களின் இசைவோடும் பெயரோடும், பதிவுசெய்யுங்கள். 'பாடியவர் பெயர் தெரியவில்லை' என்று இனி எந்த ஏட்டிலும் எழுதப்படக் கூடாது. குணசேகரனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.